விடை அச்சாகாத புதிர்

நான் எழுதும் குறுக்கெழுத்துப் புதிரை ஊரில் யார் வேண்டுமானாலும் நிரப்பலாம், என்னால் மட்டும் முடியாது. விடையை முதலில் கட்டத்தில் எழுதிவிட்டு அப்புறம்தானே குறிப்பையே யோசிக்கிறேன்! ஞாயிற்றுக்கிழமை காலையில் பேனாவைக் கடித்துக்கொண்டு முழிக்கிற சுகம் எனக்குக் கிடையாது. விடை சட்டென்று பிடிபடும்போது வருகிற துள்ளலும் கிடையாது. அடுப்படியிலேயே நின்றவளுக்குச் சோறு இறங்காது, அந்த மாதிரிதான்.

கோயம்புத்தூரிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகைக்குப் பல வருஷமாகப் புதிர் எழுதினேன். என் வீடு வாளையாருக்கு இந்தப் பக்கம், கேரள எல்லைக்குள், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே, தென்னந்தோப்பின் ஓரத்தில் இருக்கிறது. காற்று திரும்பினால் லாரிச் சத்தம் அடுப்படி வரைக்கும் வரும். காலண்டர் தாளைக் கிழித்ததும் அதன் பின்பக்கத்தில் கட்டம் போடுவேன். சொற்கள் இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று நான்கு பக்கமும் ஓட வேண்டும். கட்டம் நிறைவதற்கு ஒரு மதியம் போதும். குறிப்பு எழுதத்தான் ஒரு வாரம் ஆகும்.

குறிப்பு சரியாக வந்திருக்கிறதா என்று எழுதினவளுக்குத் தெரியாது. விடை தெரியாத ஒருத்தரிடம் சொல்லிப் பார்த்தால்தான் தெரியும். எனக்கு அந்த ஒருத்தர் என் வீட்டுக்காரர். தோட்டத்திலிருந்து வந்து கை கால் கழுவி, சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பிப்பேன்.

"பஸ் ஸ்டாண்டுல சமுத்திரத்தையே பொட்டலம் கட்டி விக்கறாங்க. மூணு எழுத்து. சொல்லுங்க பாக்கலாம்."

"ஏம்புள்ள, மனுசனைச் சோறு திங்க உடமாட்டயா?"

திட்டிக்கொண்டேதான் யோசிப்பார். கை கழுவும்போது, "அட கெரகமே! கடலை!" என்று கத்துவார். கடலைத்தானே பொட்டலம் கட்டுகிறார்கள்! அன்றைக்கு அந்தக் குறிப்பு தேறியது என்று அர்த்தம்.

அவர் ஒருநாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. திட்டுதான் மார்க்கு. எளிதில் கண்டுபிடித்துவிட்டால் "இதென்ன, ரெண்டாங்கிளாஸ் பிள்ளைக்கா?" என்பார். அதை மாற்றிவிடுவேன். நேரம் எடுத்து, கண்டுபிடித்து, அப்புறம் வாய் நிறையத் திட்டினால் அனுப்பிவிடுவேன். 'பெரிய புண்தான், ஆனால் ரசத்தில் போட்டால் மணக்கும்' என்று பெருங்காயத்துக்கு ஒரு குறிப்பு எழுதினேன். அன்றைக்கு ரசத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "புண்ணைக் கொண்டாந்து ரசத்துல போடறவ கையில நான் இத்தன வருசம் தின்னிருக்கறனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்த வாரம் வாசகர்களிடமிருந்தும் நல்ல திட்டு வந்தது.

அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. காலையில் மோட்டார் போடப் போனவர் தென்னையில் சாய்ந்து உட்கார்ந்த மேனிக்கே போய்விட்டார். அழுகை, காரியம், உறவுக்காரர்களின் வரவு எல்லாம் முடிந்து, ஒரு மத்தியானம் தட்டைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்தபோதுதான் எனக்கு விளங்கியது. என்னைத் திட்ட இனி ஆளில்லை. எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேச ஆரம்பித்திருந்தார்கள். 'பாவம்' என்கிற குரலிலேயே சாப்பிட்டாச்சா என்று கேட்டார்கள். எரிச்சலாக வந்தது.

புதிரை மட்டும் விடவில்லை. ஆனால் குறிப்பைச் சொல்லிப் பார்க்க ஆள் வேண்டுமே! ஓசூரில் இருக்கும் மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. கூடவே 'சூப்பர்ம்மா'. விடை என்னடா என்று கேட்டால் பதில் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் காலேஜில் படிக்கிறாள். வீட்டில் பேசுவது தமிழ்தான், ஆனால் படித்ததெல்லாம் மலையாளம். தமிழ் எழுத்து தெரியாது. சரி, காதால் கேட்டுச் சொல்லட்டும் என்று பெருங்காயக் குறிப்பை அவளிடம் சும்மா போட்டுப் பார்த்தேன். கெட்டிக்காரி, உடனே சொல்லிவிட்டாள். ஆனால் ஆறு எழுத்து என்றதை மட்டும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. புள்ளி எழுத்தைத் தனியாக எண்ணாத மலையாளக் கணக்கில் விரலை மடக்கி, "நாலுதானுங்க அத்தை" என்று ஒரே பிடியாக நின்றாள். அடுத்த குறிப்புக்கு அவள் யோசிக்கவே இல்லை. போனை வாய்க்கு நேரே வைத்து அதனிடம் கேட்டாள். அது விடையைச் சொல்லாமல், "அருமையான கேள்வி!" என்றது.

ஏனுங்க, மனுஷர்களும் புகழ்கிறார்கள், மெஷினும் புகழ்கிறது. ஒரு வசவுக்கு நான் எங்கே போவது?

திட்டு வாங்காத குறிப்பு கெட்டுப்போகும். என் குறிப்புகள் அப்படித்தான் ஆயின. ஒரு வாரம் சப்பென்று இருக்கும். மறுவாரம் எனக்கும் போய்ச் சேர்ந்த அவருக்கும் மட்டுமே விளங்குகிற மாதிரி இருக்கும். எழுதும்போது அது எனக்குத் தெரியவில்லை. தோப்பில் தனியாக நடந்துகொண்டு குறிப்பை உரக்கச் சொல்வேன். தென்னை மரம் என்ன பதில் சொல்லும்?

நெடுநாள் கழித்து, எழுதிவிட்டு நானே சிரித்த ஒரு குறிப்பு உண்டு. கல்யாணமான புதிதில் நாங்கள் இரண்டு பேரும் பீர்மேட்டுக்குப் போனோம். விடிகாலையில் அரசு பஸ் ஒரு வளைவில் நின்றுவிட்டது. முன்னால் ரோடும் இல்லை, பின்னால் ரோடும் இல்லை, எங்கும் ஒரே வெள்ளை. டிரைவர் இறங்கிப்போய் டீ குடிக்க ஆரம்பித்துவிட்டார். நாங்களும் இறங்கி அந்தக் கடையில் ஒண்டிக்கொண்டு நின்றோம். பத்து மணி வாக்கில் யாரோ திரையை விலக்கின மாதிரி மலை தெரிந்தது. சமவெளிக்காரர்களான எங்களுக்கு வாயடைத்துப் போயிற்று. அதை நினைத்துக்கொண்டு, வலமிருந்து இடமாக ஓடும் நாலு எழுத்து ஒன்றுக்கு இப்படி எழுதினேன்: 'பூட்டு இல்லாமல் ஊரையே அடைத்து வைக்கும், பத்து மணிக்குத் தானே திறந்துவிடும்.' விடை, மூடுபனி. அவர் இருந்திருந்தால் சோற்றை வைத்துவிட்டு எழுந்தே போயிருப்பார்.

அது அச்சான வாரத்துக்குள்ளேயே பத்திரிகையிலிருந்து போன் வந்தது. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிற தம்பி நல்ல பையன்தான். சுற்றி வளைத்து, கடைசியில் சொன்னார்.

"வர்ற ஞாயித்துக்கிழமையிலிருந்து புதிர் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாங்கம்மா. முழுசாப் போட்டு அனுப்பறவங்களே இல்லை."

"சரிங்க தம்பி. அப்ப போன வாரப் புதிருக்கு விடை?"

எங்கள் வழக்கம் அது. இந்த வாரப் புதிருக்கு அடுத்த வாரம்தான் விடை போடுவோம்.

"அட, விடுங்கம்மா. யாரு அதைப் பாக்கப் போறாங்க?"

எனக்கு ஜிவ்வென்று ஏறிவிட்டது. புதிரை நிறுத்துங்கள், அது உங்கள் பத்திரிகை. ஆனால் விடை பாக்கி வைத்துவிட்டா நிறுத்துவது? கல்யாணப் பந்தியில் இலையைப் போட்டுவிட்டுச் சோறு இல்லை என்பதா? இப்படியே கேட்டுவிட்டேன். அவர் "சாரிம்மா, சாரிம்மா" என்றார். பழைய போனாக இருந்தால் ஓங்கி வைத்திருக்கலாம். இதை ஓங்கினால் நமக்குத்தான் கேடு என்று மெதுவாகவே வைத்தேன்.

கோபம் இறங்கின பிறகு அந்த ஒரு வார்த்தை மட்டும் நின்றுவிட்டது. யார் பார்க்கப் போகிறார்கள். எனக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது. இத்தனை வருஷம் நான்கு திசையிலும் சொற்களை ஓடவிட்டேனே, ஒருத்தராவது விடை எங்கே என்று கேட்பார்களா? யாரும் கேட்காவிட்டால், நான் தோப்பில் மட்டுமல்ல, அச்சிலும் தனியாகத்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் நிறுத்தத்துக் கடையில் பத்திரிகை வாங்கிப் பார்த்தேன். என் கட்டங்கள் இருந்த இடத்தில் முடி உதிராமலிருக்க வெங்காயச் சாறு. கடைக்காரரிடம் சும்மா கேட்பதுபோல, "புதிரைக் காணோமுங்களே, யாராச்சும் கேட்டாங்களா?" என்றேன். "எந்தப் புதிருங்க?" என்றார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"சார் இருக்காரா?" பெண் குரல். பின்னால் ஜீப் ஒன்று ஏற்றத்தில் முக்கும் சத்தம்.

"எந்த சாருங்க?"

"அதாங்க, இந்தக் குறுக்கெழுத்து எழுதுத சாரு. பத்திரிகை ஆபீஸ்ல கத்தி, சண்டை போட்டுல்ல இந்த நம்பர வாங்கிருக்கேன்."

"நான்தானுங்க எழுதறது."

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது.

"பொம்பளையா நீங்க! ஏன் தாயி, உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா? விடை போடாம ஓடிட்டீக! எல்லாம் போட்டாச்சு, இந்த ஒண்ணு நிக்கி. பூட்டு இல்லாம ஊர அடைக்குமாம், பத்து மணிக்குத் தொறக்குமாம். இதெல்லாம் ஒரு குறிப்பா? வெளங்குமா? ரெண்டு வாரமா மனுஷி தூங்க வேண்டாமா?"

நான் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருஷத்துக்கு அப்புறம் வாய் நிறைய ஒரு திட்டு.

"ஹர்த்தாலுன்னு எழுதிப் பாத்தேன். பூட்டில்லாம ஊரு அடைஞ்சிருமே! ஆனா அஞ்சு எழுத்து வருது."

"ஹர்த்தால் பத்து மணிக்கா தொறக்குமுங்க? சொல்லிடட்டுமா விடையை?"

"ஏசப்பா! சொல்லிராதீக! ஒரு எழுத்துகூடச் சொல்லப்படாது. அடுத்த ஞாயித்துக்கெழம நானே கண்டுபிடிச்சிக் கூப்பிடுதேன். அது சரியா தப்பான்னு மட்டும் சொன்னாப் போதும்."

பீர்மேட்டை ஒட்டி, ஏலப்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருக்கிறாள். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. எஸ்டேட்டின் வரிசை வீடான லயத்துக்குள் போன் எடுக்காது. கோயிலில் ஞாயிறு ஆராதனை முடிந்து, வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தால்தான் ரேஞ்சு கிடைக்குமாம். பத்திரிகை தேனியிலிருந்து பஸ்ஸில் வந்துவிடும். அதையும் பேனாவையும் பைபிளோடு சேர்த்து ஒரே பைக்குள் வைத்துக்கொண்டு வருவாளாம். இதெல்லாம் ஒரே நாளில் சொன்னதல்ல, வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

அடுத்த ஞாயிறு, "நடுநிசி" என்றாள்.

"இல்லீங்க. நடுநிசி பத்து மணிக்கா தொறக்குது?"

"தெரியும், தெரியும். ஆனா ரெண்டாவது எழுத்து 'டு' பாருங்க. மேலேருந்து கீழ வர்றது கடுகு. அதோட நடு எழுத்து இதுல விழுது. அது சரின்னு எனக்கே தெரியும், நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

அதற்கு அடுத்த ஞாயிறு, "படுக்கை."

"உங்க ஊர்ல பத்து மணி வரைக்குமா படுத்திருப்பாங்க?"

"எங்க வீட்டு மருமவளப் பாக்காமப் பேசுதீக." இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் தானாகவே சொன்னாள், "வீடு நெறைய ஆளுதான். டிவி பேசும், போனு பேசும். என்கிட்ட ஒண்ணும் பேசாது." நான் என் வீட்டில் எதுவுமே பேசாது என்றேன்.

எனக்கு ஒரு பக்கம் வேடிக்கையாகவும் இருந்தது. தினமும் காலையில் மூடுபனிக்குள்ளேயே நடந்து வேலைக்குப் போகிறவள் அதைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கிறாள். காரணம் பிறகு புரிந்தது. அவர்கள் பேச்சில் அது 'மஞ்சு'. "மஞ்சு எறங்கிருச்சி, அப்புறம் கூப்பிடுதேன்" என்பாள். மூடுபனி என்று புத்தகத்தில் படிப்பதோடு சரி, வாயில் வராது. ஒருநாள் நிச்சயம் வரும் என்று எனக்குத் தெரியும். அந்த நாளை நினைத்தால் பயமாக இருந்தது. விடை கிடைத்துவிட்டால் அவளுக்கு என்னிடம் வேறு என்ன வேலை?

அதற்கு அடுத்த ஞாயிறு போன் வரவில்லை.

மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். போனை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். நாமே கூப்பிடலாமா என்றால், கூப்பிட்டு என்ன கேட்பது? விடை தெரிஞ்சு போச்சுங்களா என்றா? சாயங்காலம் லாரிகள் வரிசையாகக் கோயம்புத்தூர்ப் பக்கம் போவதைத் தோப்பில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்துவிட்டாள், அவ்வளவுதான், என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல குறிப்பு என்றால் கண்டுபிடிக்கத்தானே வேண்டும்? ஆனாலும் அந்த வாரம் முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. அவர் போனபோது இருந்த அதே வெறுமை, பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

மறு ஞாயிறு மணி அடித்தது. பாய்ந்து எடுத்தேன்.

"போன வாரம் மழை. கோயில் வாசல்லயும் ரேஞ்சு இல்ல," என்றாள். "மின்தடை. சரியா?"

எனக்கு உயிர் வந்தது. "இல்லீங்க! அதில்லீங்க!" என்று கத்தியேவிட்டேன். விடை தப்பு என்பதற்கு உலகத்தில் யாரும் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்த ஞாயிறு "தேர்தல்" என்றாள். இல்லை என்றேன். அப்போதுதான் லேசாக ஒரு எரிச்சல் வந்தது. என்ன இவள், கட்டத்தைப் பார்க்காமலே வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள்! இரண்டாவது எழுத்து 'டு' என்று எனக்கே பாடம் எடுத்தவள்தானே? தேர்தலில் எங்கே 'டு' வருகிறது? மின்தடையில்தான் எங்கே வந்தது?

அதற்கு அடுத்த ஞாயிறு, "தூக்கம்" என்றாள்.

"ஏனுங்க," என்றேன், "அந்தக் கடுகு இன்னும் கட்டத்துல இருக்குதுங்களா?"

"இருக்கே. பேனாவுல எழுதுனதாச்சே, எங்க போவும்?"

சொன்ன பிறகு நிறுத்திக்கொண்டாள். அவள் பக்கம் யாரோ குழந்தைகள் படிக்கட்டில் ஓடினார்கள். தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த மழை ஞாயிறன்றே அவளுக்கு விடை கிடைத்திருக்கிறது. படிக்கட்டில் குடையோடு உட்கார்ந்து, கண்ணெதிரே மலையை மூடி வைத்திருக்கிற அதைப் பார்த்துக்கொண்டே நாலு கட்டத்தையும் நிரப்பியிருப்பாள். அதற்கு அப்புறம் வந்த ஒவ்வொரு தப்பும் எனக்காக யோசித்துக் கொண்டுவந்த தப்பு. நாலு எழுத்து சரியாக இருக்கும்படி எண்ணிக் கொண்டுவந்திருக்கிறாள். 'டு' மட்டும்தான் இல்லை. என் வீட்டுக்காரர் போன பிறகு எனக்காக ஒருத்தர் வாரம் முழுக்க யோசித்தது அதுதான் முதல் தடவை.

அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சினால் கேட்டுவிடுமே என்று முந்தானையால் பொத்திக்கொண்டேன்.

"என்ன தாயி, சத்தத்தையே காணோம்? தூக்கம் சரியா, தப்பா?"

"தப்புங்க," என்றேன். "பக்கத்துலகூட வரலை."

"நல்லா எழுதுனீக போங்க ஒரு குறிப்பு! மனுஷர உசுரோட வதைக்கதுக்குன்னே பொறந்திருக்கீக. சரி, இன்னும் யோசிக்கேன். அடுத்த ஞாயித்துக்கெழம கூப்பிடுதேன். விடைய மட்டும் சொல்லிராதீக."

"சொல்ல மாட்டேனுங்க," என்றேன்.